நுரையோடு பார்த்த அளவு

சித்திரைத் திருவிழா முடிந்து இரண்டு வாரமாகிவிட்டது. சுங்கை சிப்புட்டில் அம்மாவைப் பார்த்துவிட்டு ஈப்போவுக்குக் காடியை எடுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரே வார்த்தை காதுக்குள் சுற்றுகிறது. வேறு யாரும் சொன்னதென்றால் மறந்திருப்பேன். நான் சொன்னது. “வேண்டாம்மா.”

அன்னதானப் பந்தி. இலையில் ரசம் ஓடிக்கொண்டிருந்தது, அதை அணைகட்டும் அவசரத்தில் இருந்தேன். எதிர்வீட்டு அத்தை தன் பேத்தியைக் கையைப் பிடித்து இழுத்து வந்து என் பக்கத்தில் உட்கார வைத்தார். மெட்ரிகுலேஷன் முடித்த பெண். “இவளும் ஒன்ன மாதிரியே பிசிக்ஸ்ல நல்லா வாங்கியிருக்கா. யூனிவர்சிட்டிக்குப் போடுற யூ.பி.யூ பாரத்துல என்னமோ மெடிக்கல் பிசிக்ஸ்னு போடப்போறாளாம். நீ அந்த வேலைதானே செய்யிற? நல்ல வேலையான்னு நீயே சொல்லு.” நான் யோசிக்கவே இல்லை. “வேண்டாம்மா. படிப்பு இருக்கும், வேலை இருக்காது. வேற ஏதாவது பாரு” என்றேன். அந்தப் பெண் தலையாட்டினாள். அத்தை எழுந்திருக்கும்போது சொன்னார்: “கேட்டியா, அக்காவே சொல்லிட்டா.”

அந்த ஏகாரம்தான் உறுத்துகிறது. ‘அக்கா சொன்னாள்’ என்றால் ஒரு கருத்து. ‘அக்காவே சொன்னாள்’ என்றால் தீர்ப்பு. எங்கள் ஊரில் இந்த வேலையைச் செய்கிறவள், எனக்குத் தெரிந்து, நான் ஒருத்திதான். அதனால் நான் சொன்னதை எதிர்த்துக் கேட்க ஆளில்லை. பதினேழு வருடத்துக்கு முன் எனக்கு இப்படி ஒரு அக்கா இருந்து, அவளும் ரசத்தில் கை வைத்தபடி “வேண்டாம்மா” என்றிருந்தால் நான் இன்று எங்கே இருந்திருப்பேன் என்று தெரியவில்லை. ஒருவேளை இன்னும் நல்ல சம்பளத்தில் இருந்திருக்கலாம். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஊரில் என் வேலையைப் பற்றி மூன்று கருத்துகள் உண்டு. ஒன்று, நான் டாக்டர். இரண்டு, எக்ஸ்ரே எடுக்கிறவள். மூன்றாவதுதான் கொஞ்சம் கிட்டே வரும்: “புற்றுநோய்க்குக் கரண்டு வைக்கிற எடத்துல இருக்கா.” கரண்டு வைப்பவர் ரேடியோதெரபிஸ்ட், எவ்வளவு வைக்க வேண்டும் என்று எழுதுபவர் டாக்டர். எழுதிய அளவுதான் உடம்புக்குள் போகிறதா என்று பார்ப்பது என் வேலை. நோயாளிகள் என் முகத்தைப் பார்ப்பதே அரிது. கல்யாணப் பேச்சு நடந்தபோது மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, “கதிர் பட்ட பொண்ணாச்சே, பிள்ளை குட்டி பிறக்குமா?” என்று கேட்டாராம். சட்டப்படி கதிர்வீச்சுப் பணியாளருக்கு ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் கதிரளவு வரை போகலாம், பொதுமக்களுக்கு 1. என் சட்டையில் குத்தியிருக்கும், கதிரை அளக்கும் பட்டையில் வரும் கணக்கு பெரும்பாலும் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும் என்று விளக்கினேன். அந்தச் சம்பந்தம் தட்டிப்போனதில் இன்றுவரை எனக்கு வருத்தமில்லை.

ஊர் ஊராக எக்ஸ்ரே

2008இல் பினாங்கில் படித்து முடித்தேன். இயற்பியல் பட்டம், அதில் மருத்துவ இயற்பியல் பிரிவு. பி.டி.பி.டி.என் கல்விக் கடன் தலையில். அரசாங்க மருத்துவமனைகளில் எங்கள் வேலைக்குப் பெயர் ‘பெகாவாய் சைன்ஸ் ஃபிசிக்’, அதாவது இயற்பியல் பிரிவு அறிவியல் அதிகாரி, அப்போதைய சம்பளத் தரம் சி41. பொதுச் சேவை ஆணையத்தில் பதிந்துவிட்டு அழைப்புக்குக் காத்திருந்தேன். காத்திருப்பது என்றால், காலையில் எழுந்து கணினியைத் திறந்து நிலையைப் பார்த்து மூடுவது. பதினான்கு மாதம். நடுவில் டியூஷன் எடுத்தேன், அப்பாவின் கூட்டாளி வைத்திருந்த கைப்பேசிக் கடையில் கல்லாவில் உட்கார்ந்தேன். கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் “யூனிவர்சிட்டி முடிச்ச பிள்ளைதானே நீ?” என்று கேட்டுவிட்டு, டாப்-அப் கார்டை வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஒரு தனியார் மருத்துவமனையில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். மனிதவளப் பிரிவு அதிகாரி என் சான்றிதழை இரண்டு முறை புரட்டிவிட்டு, “நீங்கள் ரேடியோகிராபர் இல்லையா?” என்றார். இல்லை என்றேன். “அப்படியென்றால் பயோமெடிக்கல் எஞ்சினியரா?” அதுவும் இல்லை என்றேன். “பின்னே யார்?” என்றார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். ஆளைத் தேடுகிறவருக்கே எந்த ஆளைத் தேடுகிறோம் என்று தெரியாத வேலைச்சந்தை இது. அன்றைக்கு அழுகை வந்தது. இப்போது நினைத்தால் அந்தக் கேள்வி நியாயமானதுதான்.

கடைசியில் உள்ளே போகக் கிடைத்தது பின்வாசல். எக்ஸ்ரே இயந்திரம் வைத்திருக்கும் தனியார் கிளினிக்குகள் 1984ஆம் ஆண்டு அணுசக்தி உரிமச் சட்டத்தின் கீழ் தங்கள் இயந்திரங்களைச் சோதித்துக் காட்ட வேண்டும். அந்தச் சோதனையைச் செய்யும் நிறுவனங்களைத் துறையில் ‘கிளாஸ் எச்’ என்போம். சுகாதார அமைச்சு கொடுக்கும் உரிமத்தின் வகை அது. அப்படியொரு சின்ன நிறுவனத்தில் 1,800 வெள்ளிக்குச் சேர்ந்தேன். முதலாளி, நான், இன்னொரு பையன், ஒரு பழைய புரோட்டான் சாகா காடி. வடக்கே கங்காரிலிருந்து தெற்கே கோத்தா திங்கி வரை பல் கிளினிக், எலும்பு கிளினிக், நாய் பூனைக்கு வைத்தியம் பார்க்கும் கிளினிக். நோயாளிகள் போனபிறகுதான் எங்கள் வேலை தொடங்கும். குழாயின் வாயில் அலுமினியத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கதிர் பாதியாகக் குறைய எத்தனை மில்லிமீட்டர் வேண்டியிருக்கிறது என்று பார்ப்போம். சுவருக்கு அந்தப் பக்கம் கசிகிறதா என்று கருவியைப் பிடித்துக்கொண்டு நடப்போம். அந்தப் பக்கம் பெரும்பாலும் ஒரு சீன மருந்துக்கடையோ முடிதிருத்தும் கடையோ இருக்கும். “ஒன்றுமில்லை, சும்மா பார்க்கிறோம்” என்று சொல்லிச் சொல்லியே என் மலாய் தேறியது.

இந்த மூன்று வருடத்தைப் பற்றி என் சக பட்டதாரிகளிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. மருத்துவமனை என்று நினைத்துப் படித்தவள் பல் கிளினிக்கில் இரவு பத்து மணிக்கு நிற்கிறாள் என்று. ஆனால் நூற்றுக்கணக்கான இயந்திரங்களைத் தொட்டுப் பார்த்தது அங்கேதான். ஒரே மாதிரி இரண்டு இயந்திரம், ஒரே பட்டன், இரண்டும் வேறு வேறு அளவு கதிரைக் கக்கும். எண்ணை நம்பாதே, எண் எப்படி வந்தது என்று கேள் என்பதை எந்த விரிவுரையும் எனக்குள் இறக்கவில்லை. அந்த சாகாவின் பின் இருக்கைதான் இறக்கியது. உண்மையைச் சொன்னால், அதற்கும் பல வருடம் முன்பே வேறொரு இடத்தில் தொடங்கிய பாடம் அது.

பால் ஸ்டோர்

அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, தன் நிரையில் உள்ள மரங்களை முடித்து, பால் எடுத்து, தோள்கம்பின் இரு முனையிலும் வாளியைத் தொங்கவிட்டு ஸ்டோருக்கு வருவார். பள்ளி விடுமுறையில் நானும் போய் நிற்பேன். அங்கே கணக்கு எழுதும் கிராணி ஒவ்வொருவர் பாலிலும் கொஞ்சம் எடுத்து, தண்ணீர் கலந்து, உயரமான குவளையில் ஊற்றி, மெட்ரோலாக் என்ற அளவுக் குச்சியை மிதக்க விடுவார். ரப்பர் தண்ணீரைவிட லேசு. பாலில் ரப்பர் அதிகமிருந்தால் குச்சி ஆழமாக இறங்கும், குறைவாக இருந்தால் மேலே நிற்கும். கூலியில் ஒரு பங்கு அந்தக் கோட்டைப் பொறுத்தது. வாளி எத்தனை கனம் என்பது மட்டும் போதாது, அதில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்பதுதான் கணக்கு.

பால் ஊற்றும்போது நுரை கட்டும். முறைப்படி குவளையை வழிய விட்டு, நுரையை ஊதித் தள்ளிவிட்டுத்தான் கோட்டைப் பார்க்க வேண்டும். நுரையோடு பார்த்தால் கோடு மேலே தெரியும், ரப்பர் கூட என்று எழுதிவிடலாம். வீட்டுக்கு வந்து அம்மா பொருமுவார்: “அவளுக்கு நுரையோட பாக்குறாரு, எனக்கு ஊதிட்டுப் பாக்குறாரு.” வெகுநாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது, அம்மாவுக்கு எழுதியதுதான் சரியான அளவு என்று. அநியாயம் அந்த எண்ணில் இல்லை, அடுத்தவளுக்கு வேறு மாதிரி அளந்ததில் இருந்தது. ஒருநாள் கிராணி ஏதோ பேச்சு மும்முரத்தில் அம்மாவின் பாலையும் நுரையோடு பார்த்து எழுதிவிட்டார். நான் வாயைத் திறக்கப் போனேன். அம்மா என் பின்னந்தலையில் லேசாக ஒன்று வைத்தார். வரும் வழியில் எனக்கு ஐஸ் கட்டி வாங்கிக் கொடுத்தார்.

அந்தத் தோட்டம் இப்போது செம்பனை. ஸ்டோர் இருந்த இடத்தில் உர மூட்டை அடுக்கியிருக்கிறார்கள்.

தண்ணீரை எப்போது ஊற்றினீர்கள்?

மூன்று வருடம் சேர்த்த காசில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் மாஸ்டர்ஸ் முடித்தேன். பிரிட்டனின் மருத்துவ இயற்பியல் அமைப்பான ஐ.பி.இ.எம் அங்கீகரித்த படிப்பு அது. வெளிநாட்டு வேலைகளையும் இரவில் தேடிப் பார்த்தேன். அமெரிக்காவில் எங்கள் தொழிலுக்கான வாரியத் தேர்வுக்கு 2014 முதல் அவர்கள் அங்கீகரித்த ரெசிடென்சிப் பயிற்சி கட்டாயம் என்று ஆக்கியிருந்தார்கள். அந்தக் கதவை நானே சாத்திவிட்டேன். சிங்கப்பூர் இழுத்தது. அம்மாவுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை வந்தது. அப்படித்தான் அந்த வருடம் ஈப்போவில் ஒரு நேர்முகத்தில் போய் உட்கார்ந்தேன். இருந்தது ஒரு இடம். வெளியே நாற்காலிகளில் என்னையும் சேர்த்துப் பதினோரு பேர்.

கேள்வி கேட்டவர் தலை நரைத்த மூத்த இயற்பியலாளர். சான்றிதழைத் திறக்கவே இல்லை. கதிர் கொடுக்கும் இயந்திரமான லினாக்கையும், தண்ணீருக்குள் வைத்து அந்தக் கதிரை அளக்கும் சேம்பரையும் பற்றிக் கேட்டார். “மாதச் சோதனை செய்கிறாய். தண்ணீர்த் தொட்டி, பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் சேம்பர், எல்லாம் சரி. லினாக்கின் அளவு இரண்டரை விழுக்காடு குறைவாகக் காட்டுகிறது. நாளைக்கு நாற்பது நோயாளிகள். என்ன செய்வாய்?” மாதச் சோதனையில் இரண்டு விழுக்காட்டுக்கு மேல் விலகக்கூடாது என்பது மனப்பாடம். எனக்கு முன்னால் போனவர்கள் இயந்திரத்தைத் திருத்துவேன் என்றும், நிறுவனத்தாரைக் கூப்பிடுவேன் என்றும் சொல்லியிருக்கிறார்கள் என்று பின்னால் தெரிந்தது. எனக்கு அந்த நேரத்தில் கண்ணில் வந்தது குவளையும் குச்சியும் நுரையும்தான். “முதலில் என் அளவைத்தான் சந்தேகப்படுவேன்” என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தொடர்ந்து, “தண்ணீரை எப்போது ஊற்றினார்கள் என்று கேட்பேன்” என்றேன். அவர் முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

விஷயம் இதுதான். சேம்பருக்குள் இருப்பது கொஞ்சம் காற்று, அதில் உண்டாகும் மின்னேற்றத்தைத்தான் எண்ணுகிறோம். காற்று சூடானால் விரியும், அதே இடத்தில் காற்று குறையும், எண்ணிக்கையும் குறையும். மூன்று டிகிரிக்கு ஏறத்தாழ ஒரு விழுக்காடு. அதனால் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் திருத்தம் போடுவோம். (அழுத்தத்தின் பாடு இன்னும் வேடிக்கை. கேமரன் மலையில் வைத்து இதே சோதனையைச் செய்தால் திருத்தமே பதினைந்து விழுக்காட்டுக்கு மேல் போகும்.) குழாய்த் தண்ணீர் நம்மூரில் இருபத்தெட்டு டிகிரி இருக்கும், குளிரூட்டிய அறை இருபத்தொன்று. அவசரக்காரர் இப்போதுதான் தொட்டியை நிரப்பிவிட்டு, சுவரில் மாட்டிய வெப்பமானியைப் பார்த்து இருபத்தொன்று என்று எழுதினால் ஏழு டிகிரி பிசகு, கிட்டத்தட்ட அதே இரண்டரை விழுக்காடு. இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் எண்ணை நம்பி இயந்திரத்தை ‘சரி’செய்தால், நாளையிலிருந்து வருகிற ஒவ்வொரு நோயாளிக்கும் இரண்டரை விழுக்காடு கூடுதலாகப் போகும். யாருக்கும் வலிக்காது. யாரும் புகார் செய்யமாட்டார்கள்.

“எங்கே கற்றாய்?” என்றார். பல் கிளினிக்குகளைச் சொன்னேன். தயங்கித் தயங்கி பால் ஸ்டோரையும் சொன்னேன். அவர் சிரித்தார். அவருடைய அப்பா துரோனோ ஈயச் சுரங்கத்தில் வேலை பார்த்தவராம், அங்கே ஈயமணலை நிறுக்கும் தராசைப் பற்றி அவரிடம் ஒரு கதை இருந்தது. நேர்முகம் முடிந்து நான் வெளியே வந்தபோது மற்றவர்கள் “ஏன் இவ்வளவு நேரம்?” என்று கேட்டார்கள். அந்த ஒரு இடம் எனக்குக் கிடைத்தது. மற்ற பத்துப் பேரில் இருவரை எனக்குத் தெரியும். ஒருவர் இன்று காப்புறுதி முகவர், நன்றாகவே இருக்கிறார். இன்னொருவர் இடைநிலைப்பள்ளியில் ஃபிசிக் கற்பிக்கிறார்.

ரசம் ஆறுவதற்குள் சொல்ல முடியாதது

ஆகவே நான் அந்தப் பெண்ணிடம் சொன்னது பொய் அல்ல. பதினோரு பேருக்கு ஒரு இடம். ஒரு லினாக் வாங்கினால் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடும், அதை ஒட்டி வரும் இயற்பியலாளர் பணியிடமும் அத்தனை வருடம் அடைபட்டுக் கிடக்கும். புற்றுநோயாளிகள் பெருகுகிறார்கள், எனவே வேலை பெருகும் என்று கல்விக் கண்காட்சிகளில் சொல்கிறார்களே, அது நுரை. தேவை நோயாளிகளின் எண்ணிக்கையில் வளர்கிறது, பணியிடம் இயந்திரங்களின் எண்ணிக்கையில் வளர்கிறது. இடையில் இருப்பது அரசாங்கத்தின் வரவுசெலவும் முதலாளிகளின் கணக்கும். இதை நம்பி ஒரு தோட்டத்துப் பிள்ளை கடன் வாங்கிப் படிக்கக்கூடாது என்று இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் நுரையை ஊதுகிறேன் என்று நான் குவளையில் இருந்த பாலையும் சேர்த்துக் கொட்டிவிட்டேன். லினாக் மட்டுமே வேலை என்று அவள் நினைக்கும்படி விட்டேன். கிளாஸ் எச் நிறுவனங்கள் இருக்கின்றன, அணு மருத்துவம் இருக்கிறது, எலெக்டா, வேரியன் போன்ற இயந்திரங்களை விற்பவர்களிடம் பயிற்சியாளர் வேலை இருக்கிறது, கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரிச் சான்றிதழ் எடுத்தால் தொழிற்சாலைப் பக்கமும் வழி இருக்கிறது. எந்தப் பல்கலைக்கழகத்தில் படிக்கப் போகிறாய் என்று அவளைக் கேட்கவே இல்லை. அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம் 2016இல் வந்து, 2020இல் நடைமுறைக்கு வந்தபிறகு எங்கள் தொழிலும் பதிவு செய்ய வேண்டிய தொழில். பட்டத்தின் பெயரில் ‘மெடிக்கல்’ என்று எழுதியிருந்தால் போதாது, அந்தப் படிப்பை வைத்துப் பதிய முடியுமா என்று சேர்வதற்கு முன்பே பார்க்க வேண்டும். என் காலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. அவள் காலத்தில் இதுதான் முதல் கேள்வி.

போன வாரம் அத்தைக்குப் போன் செய்து, அவளை ஞாயிற்றுக்கிழமை அனுப்பச் சொன்னேன். துறைத் தலைவரிடம் அனுமதி வாங்கி வைத்திருந்தேன். “பசியாறிட்டியாம்மா?” என்றால் தலையாட்டுகிறாள், பேச்சு வரவில்லை. பெரிய அறை, பெரிய இயந்திரம், முதல் ஐந்து நிமிடம் கண் விரிந்தது. அப்புறம் நான் தொட்டியை நிரப்பத் தொடங்கினேன். முப்பது சென்டிமீட்டர் நீள அகல ஆழம், இருபத்தேழு லிட்டர், வாளி வாளியாக. அவளும் இரண்டு நடை தூக்கினாள். பிறகு ஒன்றும் நடக்கவில்லை. உட்கார்ந்திருந்தோம். வெப்பமானியைத் தண்ணீரில் போட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதச் சொன்னேன். இருபத்தேழு புள்ளி ஒன்பது. இருபத்தேழு புள்ளி ஆறு. கொட்டாவி விட்டாள், மறைக்கப் பார்த்தாள், முடியவில்லை. சம்பளம் எவ்வளவு என்று கேட்டாள். தொடக்கத்தில் எவ்வளவு, இப்போது எவ்வளவு, இரண்டையும் சொன்னேன். பதினான்கு மாதம் கைப்பேசிக் கடையில் இருந்ததையும் சொன்னேன். “போரடிச்சா வீட்டுக்குப் போகலாம்மா” என்றேன். “இன்னும் இறங்குதுக்கா, நிக்கட்டும்” என்றாள், தாளைப் பார்த்தபடியே.

மாலை சுங்கை சிப்புட்டில் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் தூங்கிக்கொண்டு வந்தாள். அத்தை வாசலிலேயே நின்றிருந்தார். “என்னா, அக்கா என்னா சொன்னா? போடலாமா, வேணாமா?”

“அக்கா ஒண்ணும் சொல்லல பாட்டி” என்றாள் செருப்பைக் கழற்றிக்கொண்டே. “தண்ணி ஆறுறதுக்கே மத்தியானம் ஆயிருச்சு.”